கடைசி விரற்கடை: மொத்தக் காய் துருவுதல் குறித்த ஒரு முன்னாய்வு

இவ்வாய்வின் மூல ஆவணம் ஒரு சீட்டு. மதுரை ஆனையூரில் அண்ணன் கட்டிய வீட்டுக்குப் பால் காய்ச்ச நாள் குறித்ததும், சமையல் மாஸ்டர் காலண்டர் தாளின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்தது. முந்நூறு பேருக்கான அந்தப் பட்டியலின் நடுவே, ‘கேரட் 20 கிலோ, துருவி வைக்கவும்’ என்று ஒரு வரி. அது அல்வாவுக்கு என்பது எல்லோருக்கும் தெரியும். யார் துருவுவது, எதால் துருவுவது என்பதில் ஆவணம் மௌனம் சாதிக்கிறது. தவிர, குருமாவுக்கு பீன்ஸ், பட்டாணி, உருளைக்கிழங்கு எல்லாம் எழுதியவர் கேரட்டை மட்டும் விட்டிருந்தார். ஏடெழுதியவரின் கைப்பிழை என்று இவ்வாய்வாளர் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டார்.

முதலில் சொல்லாராய்ச்சி. நறுக்குவது, அரிவது, சீவுவது, கொத்துவது, துருவுவது எல்லாம் தமிழ்ச் சமையலறையில் வேறு வேறு வேலைகள். வெண்டைக்காயை அரியலாம், துருவ முடியாது. தேங்காயைத் துருவலாம், கீறலாம், அரிந்தால் சிரிப்பார்கள். இவற்றுள் அறிஞர்களும் பங்குபோட்டுக்கொண்ட வினை துருவுதல் ஒன்றே. துருவித் துருவிக் கேட்பவரையும் துருவி என்றே அழைக்கலாம் என்பது மதினியின் கருத்து. அவர் அதை இவ்வாய்வாளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

கருவிகளை விலை வாரியாகவோ உலோக வாரியாகவோ வகைப்படுத்துவது மேலோட்டமான முறை. எது நகர்கிறது என்று பார்ப்பதே அறிவியல். கத்தியில் காய் கிடக்கும், இரும்பு நடக்கும். அருவாமனையில் இரும்பு நிற்கும், காய் நடக்கும். அருவாமனையைக் காலால் மிதித்து உட்கார்ந்து, கூர் தன் முகத்தைப் பார்க்க, முட்டைக்கோசை நூல் நூலாக அரியும் அப்பத்தாக்கள் இந்த ‘நிற்கும் இரும்பு’ மரபின் கடைசி வாரிசுகள். அந்த அருவாமனையின் நுனியிலேயே தேங்காய்க்கான துருவுப்பல் பூப்போல விரிந்திருக்கும். ஆக, இன்று கடையில் தொங்கும் நான்கு பக்கத் தகரத் துருவி, ஏதோ சீமையிலிருந்து வந்த சாமான்போலத் தோன்றினாலும், மரபால் அருவாமனையின் பேத்திதான். இரும்பு நிற்கிறது, காய் போய் உரசிக்கொள்கிறது. நேந்திரங்காயைக் கொதிக்கும் எண்ணெய்க்கு மேலேயே சீவித் தள்ளும் சிப்ஸ் கடைக்காரரும் இதே குடும்பம். கொஞ்சம் துணிச்சலான கிளை.

இம்மரபில் ஒரு சிக்கல் உண்டு. காயைக் கொண்டுபோவது விரல். காய் தேயத் தேய விரல் இரும்பை நெருங்கும். எந்தக் கேரட்டிலும் ஒரு கட்டத்தில், காய் எங்கே முடிகிறது, நாம் எங்கே தொடங்குகிறோம் என்பது ஐயத்துக்கு உரியதாகிறது. அந்த இடத்துக்கு இவ்வாய்வு ‘கடைசி விரற்கடை’ என்று பெயரிடுகிறது. விரற்கடை என்பது நம் பழைய நீட்டலளவை, விரலின் அகலம். அளவைக்குப் பெயர் வைத்த முன்னோர் துருவியைக் கண்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் பொருத்தம் பாருங்கள்.

கருதுகோள் இது: துருவியின் தரத்தைப் பல்லின் கூர்மையில் பார்க்கக்கூடாது, கடைசி விரற்கடையை அது என்ன செய்கிறது என்பதில் பார்க்க வேண்டும்.

களப்பணி. புதுமண்டபத்தில்தான் முன்பெல்லாம் இப்படிப்பட்ட சாமான்கள் வாங்குவோம். திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் மீனாட்சியம்மன் கோயில் வசந்த விழாவுக்குக் கட்டிய மண்டபம். யாளிகளுக்கு நடுவே தையல் மிஷினும், பள்ளிக்கூடப் புத்தகமும், இட்லிக் கொப்பரையும் பல காலம் குடியிருந்தன. இப்போது கடைகள் குன்னத்தூர்ச் சத்திரத்துக்குப் பெயர்ந்துவிட்டன. யாளிகளுக்குக் காற்று வந்தது. நமக்கு நடை கூடியது. அங்கே நான்கு பக்கத் துருவி ஒன்றும், பிளாஸ்டிக் சட்டத்தில் பதித்த தட்டைத் துருவி ஒன்றும் வாங்கப்பட்டன. கடைக்காரரிடம் கருதுகோளை விளக்கியபோது, “அண்ணே, வேணும்னா ரெண்டு ரூபா கொறைச்சுக்கிறேன்” என்றார்.

சோதனையில் நான்கு பக்கத் துருவி ஒரு கிலோவுக்குப் பத்து நிமிடம் எடுத்தது. இருபது கிலோவுக்கு 200 நிமிடம். அதாவது மூன்று மணி இருபது நிமிடம், தோள் ஒத்துழைத்தால். தட்டைத் துருவி வேகம். ஆனால் சட்டம் வளைந்து பாத்திரத்துக்குள் விழுந்தது. அடுத்து மிக்ஸி. இது ‘சுற்றும் இரும்பு’ மரபு. விட்டு விட்டுத் தட்டினால் துருவலாகும் என்று அத்தாச்சி சொன்னதை நம்பி, விட மறந்ததில் கேரட் சட்னியானது. அடுத்த ஈட்டில் மிக்ஸி தானே நின்றது. அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் உயிர் வரும் என்பதைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம். கிரைண்டரோடு இலவசமாக வந்த துருவி தேங்காய் மூடியைத் தவிர எதற்கும் வாய் திறக்கவில்லை.

காயக் கணக்கு எடுப்பதிலும் முறையியல் இடர் ஒன்று நேர்ந்தது. கேரட்டில் விரல் பட்டால் தெரிந்துவிடுகிறது. பீட்ரூட்டில் தெரிவதில்லை. ஆகவே பீட்ரூட் தரவுகள் அனைத்தும் கொட்டப்பட்டன. இலையில் அல்ல, குப்பையில்.

அயல்நாட்டு ஒப்பீடும் வேண்டும். 1994இல் கனடாவின் ஒட்டாவா நகரில் ஒரு பெண்மணி, கேக்குக்கு ஆரஞ்சுத் தோல் துருவ முடியாமல் சலித்து, கணவர் நடத்திய தச்சுக் கருவிக் கடையிலிருந்து வந்த மர அரத்தை எடுத்து இழைத்துப் பார்த்தார். பனிபோல உதிர்ந்தது. இன்று உலகெங்கும் சமையல்காரர்கள் கையில் இருக்கும் மெல்லிய நீளத் துருவியின் கதை அப்படித் தொடங்கியது. ஒரு ஆரஞ்சுக்கு அது அற்புதம். இருபது கிலோ கேரட்டுக்கு அந்த அரத்தைக் கொடுத்தால் கிரகப்பிரவேசம் முதலாமாண்டு நிறைவுவிழாவாகிவிடும்.

எதிர்முனையில், நம் வடக்கு வெளி வீதி சேதுபதி மேல்நிலைப் பள்ளி. சித்திரையில் மீனாட்சி திருக்கல்யாணத்துக்கு அங்கேதான் ஊருக்கே கல்யாண விருந்து. முதல் நாளே பெண்களும் ஆண்களுமாக வந்து, வரிசையாக உட்கார்ந்து, மலைபோலக் குவிந்த காயை நறுக்கித் தள்ளுவார்கள். இதே பள்ளியில் 1904இல் பாரதியார் தமிழாசிரியராக இருந்தார். ஆனால் ஆகஸ்டில் சேர்ந்து நவம்பரில் விலகிவிட்டதால் சித்திரை மாதம் அவர் கணக்கில் வரவில்லை. விருந்து வழக்கமும் பிற்காலத்தது. எனவே அவர் காய் நறுக்கினார் என்று யாரேனும் எழுதினால் நம்ப வேண்டாம். கவனிக்க வேண்டியது வேறு: அத்தனை ஆயிரம் பேருக்கான காயும் கத்தியில்தான் இறங்குகிறது. ஒரு கேரட்டுக்கும் கத்தி போதும், ஒரு ஊருக்கும் கத்தி போதும். துருவி என்பது இடையில் மாட்டிக்கொண்டவர்களின் கருவி. முந்நூறு பேரைக் கூப்பிட்டுவிட்டு, நறுக்க எட்டுப் பேரைக்கூடத் திரட்ட முடியாத குடும்பங்கள் அதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் ஐந்து பேர் சேர்ந்தோம். நான்கு பக்கத் துருவியே மூன்று வாங்கி, இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தோம். கைக்கு அடங்கும் வரை துருவுவது, அடங்காததைத் தாம்பாளத்தில் போடுவது என்று மதினி விதி செய்தார். பன்னிரண்டு மணிக்குள் அண்டா நிறைந்தது. தாம்பாளத்தில் இருநூற்றுச் சொச்சம் கட்டைகள். எடை இரண்டேகால் கிலோ. இந்த இழப்பே ஆய்வின் முடிவு என்று எழுதிவைத்து, ஒவ்வொரு கட்டையாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

விடியற்காலை நான்கு மணிக்கு மாஸ்டர் வந்தார். தாம்பாளத்தை என் மடியிலிருந்து எடுத்து, எடுபிடிப் பையனிடம் நீட்டினார்.

“நாலா வகுந்து குருமாவுல போடுடா.”

“சீட்டுல குருமாவுக்கு கேரட் இல்லையே மாஸ்டர்?”

“அல்வாவுக்கு பதினேழு பதினெட்டு போதும்ணே. ஒங்க வீட்டு ஆளுக வெரலுக்குப் பயந்து எப்படியும் ரெண்டு கிலோ மிச்சம் வைப்பீகன்னுதேன் இருபதுன்னு எழுதுனேன்.”