ஒன்றரைச் சாண் கிளிப்பும் நாலு நாள் சட்டையும்

இதை எழுதுபவர் ஹட்டன்காரர். கடந்த ஞாயிறன்று அவர் வீட்டுச் சுவரில் ஒரு மரக்கிளிப் ஏறியது. உடுப்புக் காயப்போடும் கிளிப்தான். நீளம் மட்டும் ஒன்றரைச் சாண். வெள்ளைப் பெயின்ட் அடித்து, ரோசாப்பூ போட்ட கடதாசியை ஒட்டி, ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்துப் பழசாக்கியிருந்தார்கள். கடையில் வாங்கிய புதுப் பொருளைப் பழசாக்க ஒரு பகல் முழுக்கப் போனது. ‘பழசுதான் வேணும்னா என்னையக் கேட்டிருக்கலாமே’ என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

இந்தக் கிளிப் ஏன் கூடாது என்பதற்கு அவரிடம் மூன்று காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, மழை. மே பிறந்தால் தென்மேற்குப் பருவக்காற்று. செப்டம்பர் வரை கொடியில் போட்ட சட்டை காயாது, ஊறும். முதல் நாள் சொட்டும். இரண்டாம் நாள் கனக்கும். மூன்றாம் நாள் அடுப்புக்கு மேலே இடம் மாறும். நாலாம் நாள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினால், பக்கத்தில் இருப்பவர் மெதுவாக, ‘வீட்ல கருவாடு சுட்டீங்களாண்ணே?’ என்பார். எதிரே தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்தால் வயிறு எரியும். கொழுந்துக்கு மேல்மாடியில் படுக்கை விரித்து, ராத்திரி முழுக்க விசிறிக் காற்று. மறுநாள் அரைத்து, நிறம் மாறவிட்டு, சூட்டுக் காற்றில் போட்டால் அரை மணி நேரத்துக்குள் மொறுமொறு. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை போட்டதிலிருந்து 150 வருசத்துக்கும் மேலாக இலையைக் காயவைக்க யோசிக்கிறார்கள். அதைப் பறித்தவளின் ஈரச் சேலைக்கு யாரும் ஒரு விசிறி வைக்கவில்லை. லயத்துக் காம்பராவில் ஆறு பேர் உடுப்பும் ஒரே கயிற்றில்தான். இலைக்கு மாடி, சேலைக்கு அடுப்படி.

இப்படிப்பட்ட ஊரில் கிளிப்புக்கு இடம் கொடிதான், சுவர் அல்ல. ஸ்பிரிங் வைத்த கிளிப்புக்கு 1853இல் அமெரிக்காவின் வெர்மான்ட்காரர் டேவிட் ஸ்மித் காப்புரிமை வாங்கியதே காற்றில் துணி பறக்கக் கூடாது என்றுதான். பெரிசாகத்தான் வேண்டும் என்றால், ஃபிலடெல்ஃபியாவில் கிளேஸ் ஓல்டன்பர்க் செய்த 45 அடி உருக்குக் கிளிப் 1976 முதல் நிற்கிறது. அதில் லயத்தையே காயப்போடலாம்.

செவ்வாய்க்கிழமைக் காற்றில் கொடியிலிருந்த பிளாஸ்டிக் கிளிப் இரண்டு உடைந்து, வெள்ளைச் சட்டை தேயிலைச் செடிக்குள் போய் விழுந்தது. அவசரத்துக்குச் சுவர்க் கிளிப்பைக் கழற்றி அமுக்கினார். வாய் திறக்கவில்லை. கடதாசி ஒட்டிய கம் ஸ்பிரிங்குக்குள் இறங்கி இறுகிவிட்டது. அப்படியானால் ரெண்டு நாளாய் அதில் தொங்கிய கரண்ட் பில்லை எது பிடித்திருந்தது?

செலோடேப்.

‘மாமா, அது அழகுக்கு. அதுல போயி சட்டையவா மாட்டுவீங்க?’ என்றாள் அக்கா மகள்.

இரண்டாவது காரணம் இதைவிட முக்கியமானது. அதைத் தொடங்கும் நேரம் பார்த்து வெயில் அடித்துவிட்டது. ஆள் கொடிப்பக்கம் ஓடியிருக்கிறார்.