அவர்கள் சகித்துக்கொண்ட ஊர்

எங்கள் சபையில் வருஷந்தோறும் மிஷனரி ஞாயிறு என்று ஒன்று வரும். அன்றைக்குப் பிரசங்கிக்க வருகிறவர் வெள்ளைக்கார ஐயர்மார் பட்ட பாட்டையெல்லாம் அடுக்குவார். பிறந்த நாட்டை விட்டார்கள், பெற்றவர்களை விட்டார்கள், பாம்பும் காய்ச்சலும் வெக்கையும் நிறைந்த பொல்லாத தேசத்தில் வந்து வாழ்ந்தார்கள் என்பார். பெண்கள் பக்கத்தில் முந்தானை கண்ணுக்குப் போகும். எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். அந்தப் பொல்லாத தேசம் நம்ம நாகர்கோவில்தானே? நான் பிறந்ததிலிருந்து இங்கேதான் கிடக்கிறேன். வந்து தங்கியதே தியாகம் என்றால், போகாமலே கிடக்கிறவனுக்குச் சின்னதாக ஒரு கல்வெட்டாவது வேண்டாமா?

இந்த வருஷம் காற்று திசைமாறி அடித்தது. பிரசங்கிக்க வந்த இளைஞர் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்துகொண்டே பேசினார். "கம்ஃபர்ட் ஸோனை விட்டு வெளியே வாங்க" என்றார். தான்சானியாவில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நம் சபையிலிருந்து தொண்டர் குழு போகிறதாம். வகுப்பறை கட்ட ஒத்தாசை செய்ய வேண்டும், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கணக்கு என்றதும் நான்கைந்து தலைகள் என் பக்கம் திரும்பின. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாருக்கு ஊரில் ஒளிய இடம் கிடையாது.

என் சௌகரியத்தின் எல்லையை இங்கே சொல்லிவிட வேண்டும். மேற்கே களியக்காவிளை, வடகிழக்கே ஆரல்வாய்மொழி. அதைத் தாண்டினால் எனக்கு வெளிநாடுதான். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ஆம் தேதி தமிழ்நாட்டுப் பக்கத்தோடு இணைந்தது. என் வயிறு இன்னும் இணையவில்லை. திருநெல்வேலிக் கல்யாணத்துக்குப் போனால்கூட, பந்தியில் வெள்ளைச் சோற்றைப் பார்த்ததும் சம்பா அரிசிச் சோறும் நெத்திலி அவியலும் நினைவுக்கு வந்து தொண்டை அடைக்கும். காலையில் மட்டிப்பழம் இல்லாவிட்டால் அன்றைய காரியங்கள் எதுவுமே ஒழுங்காக நடக்காது. எந்தக் காரியம் என்று விளக்க வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்து என் தடைகளை வரிசையாக வைத்தேன். கடைசித் தடை சாப்பாடு. வீட்டுக்காரி அசையவில்லை.

"அங்கயும் மரச்சீனிக் கிழங்கு உண்டு, கேட்டியளா? அவியளும் அவிச்சுத்தான் திங்கியாவளாம்."

"நீ எப்பம் ஆப்பிரிக்கா போனா?"

"பேத்தி போன்ல காட்டுனா."

என் பாட்டன், பூட்டன் தின்ற கிழங்கு என்று இத்தனை நாள் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். விசாரித்தால் அதன் பூர்வீகம் தென்னமெரிக்கா. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஊக்கம் கொடுத்ததால்தான் அது இங்கே வீட்டுக்கு வீடு வேரூன்றியதாம். கடல் தாண்டி வந்த கிழங்கு என்னைவிட உறுதியான நாஞ்சில் நாட்டுக்காரனாகிவிட்டது. அதைத் தின்று வளர்ந்தவன் கடல் தாண்ட மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

பயத்தைப் போக்கப் பழைய கதைகளைப் படிக்க உட்கார்ந்தேன். பயம் கூடியது.

ரிங்கல்தௌபேயை எடுத்துக்கொள்ளுங்கள். பிரஷ்யாக்காரர். லண்டன் மிஷன் அனுப்பி 1806-இல் மயிலாடிக்கு வந்தவர். 1809-இல் அங்கே கோயில் எழுந்தது. வந்த சம்பளத்தையெல்லாம் ஏழை ஜனங்களுக்கே கொடுத்துவிட்டு, போட்டுக்கொள்ள ஒழுங்கான துணியில்லாமல் திரிந்தார். 1816-இல் ஊரைவிட்டுப் புறப்பட்டு மதராஸில் கப்பலேறப் போனபோது தலையில் உள்ளூரில் முடைந்த மட்டமான தொப்பி இருந்தது. மேலே கோட்டு இல்லை. கடைசியில் அவர் என்ன ஆனார் என்று உறுதியான தகவல் இல்லை. எங்கள் குழுவுக்குக் கொடுத்திருக்கும் சாமான் பட்டியலில் கொசுவிரட்டி மட்டும் இரண்டு வகை இருக்கிறது.

அவர் தானாக வந்துவிடவும் இல்லை. மயிலாடி மகாராசன் என்பவர் சிதம்பரத்துக்குத் தரிசனம் பண்ணக் கிளம்பி, வழியில் தஞ்சாவூரில் வேதத்தைக் கேட்டு வேதமாணிக்கமாகத் திரும்பினார். எங்கள் பக்கத்துக்கும் ஓர் ஊழியரை அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டவரும் அவரே. ரிங்கல்தௌபே போகும்போது சபையை அவர் பொறுப்பில்தான் விட்டுப் போனார். ஆக, கதையில் முதலில் வீட்டைவிட்டு இறங்கியவர் நம்ம ஊர்க்காரர். ரயில் கிடையாது, சாப்பாட்டுப் பொட்டலம் கிடையாது. மிஷனரி ஞாயிறுகளில் இவருக்குக் கிடைக்கிற நேரம் ஒரு நிமிஷம். கப்பலுக்குக் கிடைக்கிற மரியாதை காலுக்குக் கிடைப்பதில்லை.

ரிங்கல்தௌபேக்குப் பின் 1818-இல் வந்த மீட் ஐயரோ வந்ததும் நாகர்கோவிலில் ஜட்ஜாகவும் உட்கார வேண்டியதாயிற்று. வெக்கை, காய்ச்சல், ஜட்ஜ் வேலை மூன்றையும் அவர் தாங்கினார். பிற்காலத்தில், ஒடுக்கப்பட்ட சமூகத்து உள்ளூர்ப் பெண்ணை மணந்ததை மட்டும் கூட இருந்த வெள்ளைக்காரர்களால் தாங்க முடியவில்லை. மிஷனை விட்டு விலகினார். கடலைத் தாண்டிவிடலாம், சாப்பாட்டு மேசையில் பக்கத்து நாற்காலியைத் தாண்டுவது பெரும்பாடு போலிருக்கிறது.

நெய்யூர் சாமர்வெல் டாக்டர் கதை இன்னும் மோசம். 1922-இல் எவரெஸ்ட் ஏறப் போனவர், அந்தப் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்த வழியில் நெய்யூர் ஆஸ்பத்திரியைப் பார்த்தார். வரிசையில் நின்ற நோயாளிகளைப் பார்த்துவிட்டு, லண்டனில் கிடைக்கவிருந்த வேலையை உதறிவிட்டு இங்கே சேர்ந்துவிட்டார். நாமெல்லாம் லீவு போட்டுக் குற்றாலம் போவோம். அவர் 1924-இல் நெய்யூரில் லீவு போட்டு மறுபடி எவரெஸ்ட்டுக்குப் போனார். 28,000 அடி வரை ஏறிவிட்டு, இறங்குகிற வழியில் தொண்டையின் உள்தோல் கழன்று மூச்சை அடைக்க, தன் நெஞ்சைத் தானே அமுக்கித் துப்பிவிட்டு வந்து, நெய்யூரில் மறுபடியும் வயிற்றுப்புண் அறுவைக்கு நின்றார். இருபது வருஷத்துக்கு மேல் நின்றார். இவருக்குக் கம்ஃபர்ட் ஸோன் எங்கே இருந்தது என்று என்னால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. ஒருவேளை நெய்யூர்தானோ என்னவோ.

இவர்களுக்குப் பக்கத்தில், சில வருஷங்களுக்கு முன் எங்கள் பக்கத்துப் பால்வாடிக்குச் சுவர் அடிக்க வந்த வெளிநாட்டுப் பிள்ளைகளையும் சொல்ல வேண்டும். நல்ல பிள்ளைகள், பெயின்ட் பிரஷ் பிடித்துப் பழக்கம் இல்லை. மேமாச வெயிலில் செம்பருத்தி நிறமாகி, சுவரில் பாதியும் தங்கள்மேல் பாதியும் அடித்தார்கள். சபைப் பெண்கள் அடுப்படியில் கிடந்து அவர்களுக்குக் காரமில்லாமல் ஆக்கிப் போட்டார்கள். மூன்று வீடு தள்ளியிருக்கும் பெயின்டர் அண்ணாச்சி வேலையில்லாமல் வேப்பமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் கண்ணீரும் கம்பலையுமாக விடைபெற்றுப் போனபிறகு அவரைக் கூப்பிட்டு மறுபடி அடிக்க வைத்தோம். அவருக்கு இரட்டைக் கூலி. பிள்ளைகள் விட்ட இடத்தைச் சுரண்டவே ஒரு கூலி என்றார்.

ஆகவே வகுப்பறை கட்டும் வேலையைக் குழுவில் நான் எதிர்த்துவிட்டேன். அங்கே கொத்தனார் இல்லாமலா ஊர் இருக்கும்? விமானக் கட்டணத்தில் பாதியை அனுப்பினால் அவரே நேராகக் கட்டிவிடுவார். கணக்குப் பாடத்துக்கு எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் பதினைந்து நாளில் பின்னம்கூட முடியாது. போனால் ஒரு வருஷமாவது இருக்க வேண்டும் என்றேன். என்னைக் கழற்றிவிடுவார்கள் என்ற நினைப்பில்தான் சொன்னேன். இளைஞர் உருகிப்போய், "ஐயா, ஒரு வருஷ விசாவுக்கே ஏற்பாடு பண்ணிரலாம்" என்றுவிட்டார். வீட்டில் சந்தோஷத்தை மறைக்கக்கூட முயலவில்லை.

குழுவில் இன்னும் இடம் இருக்கிறது. விருப்பமுள்ளவர்கள் இந்த மாசக் கடைசிக்குள் பேர் கொடுக்கலாம். கணக்கோ இங்கிலீஷோ நடத்தத் தெரிந்தவர்களும், நர்ஸ் வேலை பார்த்தவர்களும் அவசியம் வரவேண்டும். பெயின்ட் பிரஷ் மட்டும் தயவுசெய்து கொண்டுவர வேண்டாம்.