குழாய் எட்டும் தூரம்

எங்கள் ஊருக்குப் பெயர் வைத்தவர் குசும்பு பிடித்தவராக இருந்திருக்க வேண்டும். குறிஞ்சி என்றால் மலையும் மலை சார்ந்த இடமும் என்று மனப்பாடம் செய்துவிட்டு வகுப்பை விட்டு வெளியே வந்தால், குறிஞ்சிப்பாடியில் கண்ணுக்கெட்டியவரை சமதரை. மலை பார்த்தே தீர வேண்டும் என்றால் நெய்வேலிப் பக்கம் போகலாம். சுரங்கத்தில் தோண்டிக் கொட்டிய மண்மேடு இருக்கிறது. அதைக் கணக்கில் சேர்த்தால் நாங்கள் அரசாங்கச் செலவில் உண்டான குறிஞ்சி நிலத்தார்.

குறிஞ்சி தேவாரப் பண்களில் ஒன்று. பாடி என்றால் குடியிருப்பு. பாட்டுப் ‘பாடி’யாகவும் வைத்துக்கொள்ளலாம். ஊரும் பாட்டும் இப்படி ஒரே பெயரில் மாட்டிக்கொண்டதாலோ என்னவோ, எங்கள் வீட்டில் நாலு தலைமுறையாக இந்த இரண்டுக்கும்தான் சண்டை. எது நல்ல ஊர்? எது நல்ல பாட்டு?

தாத்தா கைலி நெய்தவர். தெரு என்றால் பாவை நீளமாக விரித்துக் கஞ்சி போட்டுக் காயவைக்க இடம் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவருடைய நகரமைப்புச் சாஸ்திரம். வளைந்து போகிற தெருவைக் கண்டால், “இதுல மனுசன் நடக்கலாம், நூல் நடக்குமா?” என்பார். பாட்டுக்கும் அதே அளவுகோல்: மிதிக்கும் நாடாவுக்கும் ஒத்து வர வேண்டும். 1942-இல் வந்த ‘நந்தனார்’ படத்தில் தண்டபாணி தேசிகர் பாடியவை ஒத்து வந்தன. அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் இழை அறுக்கிற பாட்டுகள். அந்தத் தேசிகரே பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராக வந்துவிட்டார். புவனகிரி வழியாகப் பஸ் ஏறினால் சிதம்பரம். ஒருநாள் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று தாத்தா வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். “நாளைக்குப் போவலாம்.” நந்தனாருக்காவது திருநாளைப்போவார் என்று பட்டம் கிடைத்தது. தாத்தாவுக்குப் பாட்டியிடம் வசவுதான்.

1976-இல் இரண்டு காரியம் நடந்தது. ‘அன்னக்கிளி’ வந்தது, அப்பாவுக்கு நெய்வேலியில் வேலை கிடைத்தது. இரண்டில் எது பெரியது என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. நெய்வேலி நகரியத்தில் பிளாக்குக்குத் தமிழ் ‘வட்டம்’. கட்டம் கட்டமாக ரோடு போட்டுவிட்டு அதை வட்டம் என்று அழைக்கத் தனித் தைரியம் வேண்டும். அப்பாவுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. “வட்டம், தெரு, நம்பர். மூணும் ஞாபகம் இருந்தாப் போதும், குடிகாரன்கூட வீடு வந்து சேர்ந்துருவான்” என்பார். அவர் குடிக்காதவர். ஆனாலும் ஒருமுறை நைட் ஷிப்ட் முடிந்து வந்து அடுத்த தெருவில் அதே நம்பர் வீட்டுக் கதவைத் தட்டி, “காப்பி போடு” என்று சொல்லியிருக்கிறார். அந்த வீட்டு அம்மாள் போட்டும் கொடுத்தாராம். இதை எங்கள் அம்மா சொல்கிற தொனி வேறு.

கேசட் பெட்டியிலும் அப்பா வட்டம் பிரித்திருந்தார். முதல் வட்டம் ராஜா காதல், இரண்டாம் வட்டம் ராஜா சோகம், மூன்றாம் வட்டம் இரண்டும் கலந்தது. ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பியபோது அத்தனையும் பரண்மேல் ஏறின. இரண்டு மழைக்காலம் போவதற்குள் பூஞ்சை பிடித்துவிட்டது. தில்லையில் தேவார ஏடுகளைக் கரையான் தின்றபோது, இந்தக் காலத்துக்கு வேண்டியதை மட்டும் விட்டுவைத்தோம் என்று அசரீரி கேட்டதாகச் சொல்வார்கள். எங்கள் வீட்டிலும் அசரீரி கேட்டது, அடுப்படியிலிருந்து: “பரணுக்கு இப்பதான் விமோசனம்.”

நான் 1992-இல் ‘ரோஜா’ கேட்டுக் கெட்டுப்போனவன். “பாட்டு எங்கடா? வாத்தியம்தான கேக்குது” என்றார் அப்பா. இப்போது என் மகள் அனிருத் போட்டால், அதே வசனத்தை ஒரு எழுத்து மாறாமல் நான் சொல்கிறேன். சொல்லும்போதே நாக்கு கூசுகிறது. இருந்தாலும் சொல்லி முடித்துவிடுவேன்.

மகளுக்கு ஊர் என்றால் புதுச்சேரி. மஞ்சள் சுவர், காகிதப்பூ, அதன் முன்னால் நின்று ஒரு படம். “பிரெஞ்சுக்காரன் எவ்ளோ ரசனையா போட்டிருக்கான் பாருங்க தாத்தா!” அப்பா இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி, “அந்தத் தெருவுக்கு மொதல்ல கோடு போட்டவன் டச்சுக்காரன்மா. 1693-ல புடிச்சான், கட்டம் கட்டமா வரைஞ்சான், ஆறு வருசத்துல பிரெஞ்சுக்காரன் கையில குடுத்துட்டுப் போயிட்டான்” என்றார். மகள் அசரவில்லை. “கட்டம் கட்டமாவா? அப்ப அது நெய்வேலிக்கு அக்கா!” அன்றிலிருந்து அப்பாவால் புதுச்சேரியைத் திட்ட முடியவில்லை.

என்னைக் கேட்டால், நகரமைப்பு என்பது கடலூரில் 1690-இல் நடந்ததுதான். தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கிய ஆங்கிலேயக் கம்பெனிக்கு, பீரங்கிக் குண்டு எட்டும் தூரம்வரை நிலம் என்று பேச்சு. இருப்பதிலேயே பெரிய பீரங்கியாகத் தேடிப் பிடித்துச் சுட்டார்கள். குண்டு விழுந்த இடம்வரை அவர்களுடையது. குண்டு கிராமங்கள் என்றே அவற்றுக்குப் பெயர். சர்வேயர் இல்லை, வில்லங்கம் இல்லை. குண்டு எங்கள் ஊர்வரை வரவில்லை. வந்திருந்தால் குறிஞ்சிப்பாடிக்கும் ஒரு எல்லை கிடைத்திருக்கும். இப்போது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கேட்டால் ஆளுக்கொரு டீக்கடையைக் காட்டுகிறார்கள்.

போன ஆனித் திருமஞ்சனத்துக்குச் சிதம்பரம் தேர் பார்க்கக் கிளம்பினோம். தாத்தா சொன்ன ‘நாளைக்கு’ ஒருவழியாக வந்தது. காரில் புளூடூத் யாருடைய போனுக்கு என்பதில் தகராறு. ஆளுக்கு ஒரு பாட்டு என்று ஒப்பந்தமாகி, மகளுடைய பாட்டு ஓடும்போது அப்பா கண்ணாடியை இறக்கி வெயிலை உள்ளே விட்டார். புவனகிரியில் வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்போது எங்கள் மூன்று பேர் போனையும் மறந்துவிட்டு கார் ஸ்டீரியோ ஏதோ எஃப்.எம். விளம்பரத்தைப் பிடித்துக்கொண்டது. அதை மட்டும் யாரும் மாற்றவில்லை.

கீழவீதி, தெற்கு வீதி, மேலவீதி, வடக்கு வீதி. நாலே தெரு, தேருக்காகவே அகலம். தாத்தா பார்த்திருந்தால், எத்தனை பாவு விரிக்கலாம் என்று முதலில் கணக்குப் போட்டிருப்பார். கீழவீதி முடிந்து தேர் தெற்கே திரும்ப வெகுநேரம் ஆயிற்று. முட்டுக்கட்டை போடுவதும் எடுப்பதும் வடம் இழுப்பதுமாக ஜனம் வியர்த்துக்கொண்டிருக்க, அப்பா அந்த முனையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இங்க ஒரு ரவுண்டானா வெச்சிருந்தா சுலபமா திரும்பியிருக்கும்.”

பக்கத்தில் நின்றவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மகள் தேர் திரும்புவதைப் படம் எடுத்து, நாதஸ்வரத்தைத் தூக்கிவிட்டு அனிருத்தை வைத்துப் போட்டுவிட்டாள். அப்பா போனை வாங்கி மூன்று தடவை பார்த்தார். “தேர் என்னமோ இதுக்கு நல்லாத்தான் ஆடுது” என்று சொல்லிவிட்டு, நான் கேட்டுவிட்டேனா என்று திரும்பிப் பார்த்தார்.

திரும்பும்போது இருட்டிவிட்டது. மகள் தூங்கிவிட்டாள், ஸ்டீரியோவை அணைத்துவிட்டேன். எங்கிருந்தோ குழாய் ஸ்பீக்கரில் சீர்காழி கோவிந்தராஜன் குரல் வந்தது. யார் வீட்டுக் காதுகுத்தோ. குழாய் கட்டத் தடை இருப்பதாகச் சொல்கிறார்கள், ஆனால் அது வாய் மட்டும் உள்ள பிராணி. அப்பா முன்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து செருப்பைத் தேடினார்.

“பாப்பாவ எழுப்பு. ஊர் வந்திருச்சு.”

ஊர்ப் பெயர்ப் பலகைக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர் இருந்தது.