இங்க் புட்டியும் குழாய்த் தண்ணீரும்

எழுபதுகளில் எங்கள் கிராமத்து வீட்டில் அடுப்பு தரையில்தான் இருந்தது. அம்மா கஞ்சி வடிக்கும் நேரத்தில் பிள்ளைகள் யாரும் சமையற்கட்டுக்குள் வரக்கூடாது. மூன்று வயதுத் தம்பிக்கு அதெல்லாம் ஏது? பின்னாலிருந்து முந்தானையைப் பிடித்து இழுத்தான். பானை சரிந்து, கொதிக்கும் கஞ்சி அவன் தொடையிலும் முழங்காலிலும் கொட்டியது.

அவன் அலறலைவிட அம்மாவின் அலறல்தான் தெருக்கோடிவரை கேட்டது. அக்கம்பக்கத்தார் கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். தோசைமாவு, தேங்காயெண்ணெய், வாழைப்பட்டைச் சாறு. கடைசியில் பெரியப்பா மேசையிலிருந்த நீல இங்க் புட்டியைக் கவிழ்த்தார்கள். தீப்புண்ணுக்கு இங்க் என்றால் அன்று யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். தண்ணீர் பட்டால் கொப்புளம் கட்டிவிடும் என்று தடுத்தும்விட்டார்கள். கொல்லையில் கிணறு நிறையத் தண்ணீர் இருந்தது. அவனுக்கு மருந்தாகியிருக்கக்கூடியது அது ஒன்றுதான்.

மாட்டுவண்டி கட்டி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சிவந்திருக்கிறதா, கொப்புளமா, வெளுத்து உணர்விழந்து கிடக்கிறதா என்று புண்ணைப் பார்த்துத்தான் டாக்டர் அதன் ஆழத்தைக் கணிக்க முடியும். இங்க் எல்லாவற்றையும் மறைத்திருந்தது. அதைத் துடைத்தெடுக்கையில் தம்பி மறுபடியும் துடித்தான். வெளியே நின்ற அம்மாவைப் பார்த்துப் பாட்டி கேட்டாள்: "புள்ளையப் பாக்காம அப்படி என்னடி வேலை ஒனக்கு?" அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். ஒன்பது பேருக்குச் சோறு வடித்ததுதான் அவள் பார்த்த வேலை.

அந்த மனிதர்களை மூடர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. குழந்தை துடிக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க எவராலும் முடியாது. அவர்கள் செய்ததில் எல்லாமே வீணும் அல்ல. புண்ணில் துணி ஒட்டாதிருக்கத் தம்பியை வாழையிலையில் படுக்கவைத்தவள் அதே பாட்டிதான். 1980களில் மும்பையில் மருத்துவர்கள் வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலைத் தீப்புண்ணுக்குக் கட்டாகப் பயன்படுத்தினார்கள். வாழையிலையும் பிறகு அப்படிப் பயன்பட்டது. ஒட்டாது, உரிக்கும்போது வலிக்காது, விலையும் குறைவு.

இப்போது நான் சென்னையில் மகள் வீட்டில் இருக்கிறேன். அடுப்பு மேடைக்கு ஏறி எத்தனையோ வருடமாகிவிட்டது. ஆனால் மின்சாரக் கெட்டிலின் ஒயர் மேடையிலிருந்து கீழே தொங்குகிறது, நடக்கப் பழகிய பிள்ளையின் கைக்கு எட்டும்படி. பேரன் இழுத்தான். வெந்நீர் அவன் தோளிலும் கையிலும் கொட்டியது.

என் மகளின் முகத்தில் அம்மாவின் முகத்தை அப்படியே பார்த்தேன். வெளிறிய அதே உதடு, அதே நடுக்கம். ஆனால் நடுங்கிக்கொண்டே அவனைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். சட்டையைக் கழற்றினாள், காப்பை உருவினாள், குழாயைத் திறந்து கையை நீட்டிப் பிடித்தாள். நல்லவேளை அது காலை நேரம். மதியமென்றால் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே சுடும். பக்கத்து வீட்டம்மா பற்பசையோடு வந்தார். ஐஸ் வைக்கலாமே என்றார் இன்னொருவர். "வேணாம் ஆன்ட்டி, தண்ணி மட்டும் போதும்" என்று சொல்லிவிட்டு இருபது நிமிடம் அப்படியே பிடித்திருந்தாள். குளிரில் உடம்பு வெடவெடக்காதிருக்க மற்ற இடங்களைத் துண்டால் சுற்றச் சொன்னாள். அது ஒன்றுதான் என் பங்கு.

வெந்நீர் கீழே வழிந்தோடிய பிறகும் தோலுக்குள் இறங்கிய சூடு உள்ளே சுட்டுக்கொண்டே இருக்கும். ஓடும் தண்ணீர் அதை வெளியே இழுக்கிறது. தாமதமானாலும், சுட்ட மூன்று மணி நேரத்துக்குள் ஊற்றினால் பலன் உண்டு. ஐஸ் ரத்த ஓட்டத்தைக் குறைத்துப் புண்ணை ஆழமாக்கிவிடும். 60 டிகிரி வெந்நீர் பெரியவர்கள் தோலை ஆழமாகச் சுட ஐந்து விநாடி போதும். குழந்தையின் மெல்லிய தோலுக்கு அதுகூட வேண்டியதில்லை. 2008இல் தமிழ்நாட்டுக்கு வந்த 108 ஆம்புலன்ஸ், மாட்டுவண்டிப் பயணத்தை இல்லாமலாக்கியிருக்கிறது. வண்டி வருமுன் கழியும் நேரம் மட்டும் இன்றும் தாயின் கையில்தான் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் "எப்படி ஆச்சும்மா?" என்றார். எந்தப் பக்கமிருந்து எவ்வளவு சூடாகக் கொட்டியது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். என் மகளோ கூண்டில் நிற்பவளைப்போல நடுங்கினாள்.

காயம் மேலோட்டமானது, வடு நிற்காது என்று சொல்லிக் கட்டுப்போட்டு அனுப்பினார்கள். அன்றிரவு சொந்தக்காரர்களின் போன் ஓயவில்லை. ஆணும் பெண்ணுமாக எல்லோரும் என் மகளிடம் கேட்டது ஒன்றைத்தான்: "நீ எங்கே போயிருந்தே?" அதே அறையில்தான் மாப்பிள்ளையும் இருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை. அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. போனை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். பிறகு அழைத்த ஒவ்வொருவரிடமும், பிள்ளை நன்றாக இருக்கிறான், சரியான நேரத்தில் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றியது அவன் அம்மாதான், இப்போது தூங்குகிறாள், எழுப்பமாட்டேன் என்று சொன்னேன்.