உதவி டீச்சரின் ஆட்சி

புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டிக் கரையோரத்து முன்பள்ளிகளில் உதவி டீச்சர் என்றொரு பிறவி உண்டு. பெயரில்தான் உதவி; ஆட்சி அவருடையது. டிப்ளோமாவோடு புதிதாக வந்த டீச்சர் பலகையில் காகம் வரையத் தொடங்கினால், பின்னாலிருந்து பணிவான குரல் வரும்: "முந்தி இருந்த டீச்சர் வால இன்னுங் கொஞ்சம் நீட்டுவாங்க." காகத்தின் வால் நீளும். எந்தப் பிள்ளையின் வாப்பா வெறும் வலையோடு கரையேறினார், எந்தக் குடும்பம் மீன்வாடிக்குப் போய்விட்டது, அழுகிறவன் பசியில் அழுகிறானா உம்மாவைத் தேடியா என்று வரவு இடாப்பில் இல்லாததெல்லாம் அவருக்கு மனப்பாடம். இவரிடம் எப்படி வேலை வாங்குவது என்று டீச்சர்மார் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். என் கட்சி வேறு: வேலை வாங்குவது அவராகவே இருந்துவிட்டுப் போகட்டும்; இருவரும் உட்கார்ந்து பேசாததுதான் வினை.

இது இன்று முளைத்த இனமுமல்ல. திண்ணைப் பள்ளியில் வாத்தியார் கண்ணயர்ந்தால் பிரம்பு சட்டாம்பிள்ளை கைக்கு வந்துவிடும். 1789 முதல் 1796 வரை சென்னையில் ஆண் அநாதை இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், மூத்த பையன்களை வைத்தே இளையவர்களுக்குப் பாடம் சொல்லவைத்தார். 1797இல் அதை லண்டனில் நூலாக்கி, 'மெட்ராஸ் முறை' என்று பெயரும் வாங்கிக்கொண்டார். பையன்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்கக்கூடாது. புத்தளத்திலேயே, 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் விரட்டிய வடபுல முஸ்லிம்கள் வந்து சேர்ந்த பின் வகுப்புகளைத் தாங்கியவர்களில் தொண்டர் ஆசிரியர்கள் உண்டு. நிரந்தர நியமனம் கேட்டே தலை நரைத்தவர்களும் அவர்களில் உண்டு.

"விடையை உதவி டீச்சரே சொல்லிக்கொடுத்துவிடுகிறாரே, பிள்ளை எப்படிப் படிக்கும்?" என்பார்கள். நியாயமான கேள்விதான். இங்கிலாந்தில் பீட்டர் பிளாட்ச்ஃபோர்டு குழுவினர் 2003இல் தொடங்கிய ஆய்விலும், உதவியாளரின் துணையை அதிகம் பெற்ற பிள்ளைகள் குறைவாகவே முன்னேறியிருந்தார்கள். ஆனால் ஆய்வாளர்கள் பழியை உதவியாளர் தலையில் கட்டவில்லை. பாடத்துக்கு முன் ஆசிரியரோடு கலந்துபேச அவர்களில் பலருக்கு நேரமே கிடைப்பதில்லை என்றார்கள். நம்மவர் கதையும் அதுவே. இன்றைய பாடம் 'ஆ' என்பது பலகையில் ஏறிய பிறகுதான் அவருக்கே தெரியும். அப்புறம் பிள்ளையின் விரலைப் பிடித்து அவரே எழுதாமல் என்ன செய்வார்? பாடத்துக்கு முன் கலந்துபேசினால் தலைக்கு மேல் ஏறிவிடுவார் என்று அஞ்சும் டீச்சருக்கு ஒன்று சொல்லலாம்: அவர் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறார். காலையில் பத்து நிமிடம் முந்தி வந்து, விடையை எப்போது சொல்லக்கூடாது, யார் மூக்கை யார் துடைப்பது என்று பேசி முடித்துக்கொள்ளுங்கள். அதில் பாதி நேரம் அவர்தான் பேசுவார். எவன் வெறும் பிளேன்டீயோடு வந்திருக்கிறான் என்பதும் அதில் வரும். பாடக்குறிப்பில் அதற்குக் கட்டம் இல்லை, ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம்.