மூன்று நட்சத்திரக்காரர்

பொருளியல் துறைக்குள் நுழைந்ததும் இவரை அடையாளம் கண்டுகொள்ளலாம். ரெக்ரெஷன் என்ற புள்ளியியல் கணக்கின் அட்டவணையைக் கையில் கொடுத்தால் எண்களைப் பார்க்கமாட்டார். எண்களின் தோளில் தொற்றிக்கொண்டிருக்கும் நட்சத்திரக் குறிகளைத்தான் பார்ப்பார். ஒன்று என்றால் உதட்டைப் பிதுக்குவார். இரண்டு என்றால் கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார். மூன்று என்றால் மாணவனுக்கு அவர் செலவில் காபி. கருமியல்ல, பாவம். சிகாகோவிலும் இருக்கிறார், சிதம்பரத்திலும் இருக்கிறார்.

அந்த நட்சத்திரம் சொல்வது மிகக் கொஞ்சம். உண்மையில் விளைவே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு பெரிய எண் தற்செயலாக வர நூற்றில் ஐந்துக்கும் குறைவான வாய்ப்பு என்றால் இரண்டு. ஒன்றுக்கும் குறைவு என்றால் மூன்று. விளைவு பெரியதா, செலவுக்குக் கட்டுப்படியாகுமா என்பதெல்லாம் அதன் வேலையே இல்லை. இருபதில் ஒன்று என்ற கோட்டை 1925-இல் புள்ளியியலாளர் ஃபிஷர் தம் புத்தகத்தில் வைத்தபோது, அது வசதியாக இருக்கிறது என்றுதான் வைத்தார். இதை நம்மவரிடம் சொல்லிப் பாருங்கள், கோபம் வரும். நட்சத்திரப் பொருத்தம் பார்த்துக் கல்யாணத்தை முடித்துவிட்டு, பையனுக்கு வேலை இருக்கிறதா என்று கேட்க மறந்த சம்பந்தி இவர்.

தன் துறைக்குள் இருக்கும்வரை ஆபத்தில்லை, எல்லோரும் அதே சம்பந்திகள்தான். பல துறையினர் சேர்ந்து உட்காரும் ஆய்வுக் கூட்டத்தில்தான் வேடிக்கை. இப்படி ஒரு கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை ஞாபகப்படுத்திப் பெண்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறார்கள். எதிரே ஒரு டாக்டர் அம்மா.

“ஹீமோகுளோபின் ஏறுதா சார்?”

“ஏறுது டாக்டர். மூணு ஸ்டார்!”

“எவ்வளவு ஏறுது?”

“ஒரு பர்சென்ட் லெவல்ல சிக்னிஃபிகன்ட்.”

“ஒரு பர்சென்ட்தான் ஏறுதா?”

“ஏறுறது இல்ல டாக்டர், அது லெவல்.”

டாக்டர் அட்டவணையை வாங்கிப் பார்க்கிறார். ஏற்றம் 0.03 கிராம். “சார், எங்க மீட்டர் 0.1-க்குக் கீழே காட்டவே காட்டாதே?”

“அதுக்குத்தானே டாக்டர் அறுபதாயிரம் பேரை எடுத்திருக்கோம்!”

பொய் சொல்லவில்லை மனிதர். ஆட்களை நாலு மடங்காக்கினால் திட்டப்பிழை, அதாவது கணிப்பின் தடுமாற்றம், பாதியாகும். ஆள் சேர்த்துக்கொண்டே போனால், ஒருவருக்கும் உறைக்காத வித்தியாசத்துக்கும் ஒருநாள் மூன்று நட்சத்திரம் கிடைத்துவிடும். பெண்களின் சோகை அப்படியே இருக்கும், கட்டுரை வெளிவந்துவிடும்.

இதற்கு நேரெதிரான கூத்தும் உண்டு. 1984-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரு பரிசோதனை நடந்தது. வேலையிழந்தவரைச் சீக்கிரம் வேலைக்கு எடுத்து வைத்துக்கொள்ளும் முதலாளிக்கு 500 டாலர் பரிசு. முடிவு 1987-இல் வந்தது: செலவான ஒவ்வொரு டாலருக்கும் பலன் 4.29 டாலர். ஆனால் பூஜ்யத்திலிருந்து புள்ளியியல்படி வேறுபடவில்லை என்று அதை ஓரம்கட்டினார்கள். ஒன்றுக்கு நாலு கிடைக்கலாம் என்று தெரிந்தால் நம்மூர் மளிகைக்கடைக்காரர் இன்னொரு தடவை முயன்றாவது பார்த்திருப்பார். இந்த நட்சத்திரச் சோதனைகளுக்கு அடித்தளம் போட்ட காசெட்டே டப்ளினில் கின்னஸ் பீர் ஆலை ஊழியர்தான். 1908-இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் எழுதினார். பார்லியில் என்ன லாபம் என்பது அவர் மறக்கமுடியாத கேள்வி. மறந்தால் சம்பளம் தருபவர் ஞாபகப்படுத்துவார்.

இல்லினாய் கதையைச் சுட்டிக்காட்டிய பொருளியலாளர்கள் மெக்லாஸ்கியும் சிலியாக்கும், அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ என்ற ஆய்விதழில் 1980-களில் வந்த 182 கட்டுரைகளைப் புரட்டினார்கள். 70 சதவீதத்தில் நட்சத்திரத்துக்கும் பொருளாதார முக்கியத்துவத்துக்கும் வித்தியாசம் காட்டவில்லை என்று 1996-இல் எழுதினார்கள். 1990-களின் 137 கட்டுரைகளைப் பார்த்தபோது, ஒன்றை மற்றதாக எடுத்துக்கொண்டவை 82 சதவீதம் என்றார்கள். இதைக் கேட்டால் நம்மவர் வெட்கப்படமாட்டார். “70-க்கும் 82-க்கும் உள்ள வித்தியாசம் சிக்னிஃபிகன்ட்டா?” என்று கேட்டு, அங்கேயே கணக்குப் போடுவார். இரண்டு நட்சத்திரம் வரும். உடனே நம்பிவிடுவார்.

நட்சத்திர வேட்டையிலும் இவர் கில்லாடி. பி-மதிப்பு, அதாவது அந்தத் தற்செயல் வாய்ப்பு, கோட்டைச் சற்றே தாண்டி 0.06 வந்தால், “தம்பி, வயசையும் உள்ளே போட்டு ஓட்டு” என்பார். அசையவில்லையா, வயதின் வர்க்கம். ஐம்பதாயிரம் சோதனை முடிவுகளைத் திரட்டி 2016-இல் ஒரு கட்டுரை வந்தது. அதன் தலைப்பே ‘ஸ்டார் வார்ஸ்’ என்றுதான் தொடங்கும். கோட்டை ஒட்டி உள்பக்கம் கூட்டம், சற்று வெளியே பள்ளம் என்று காட்டியது. இவரை மட்டும் குற்றம் சொல்வதும் சரியில்லை. நட்சத்திரமில்லாத கட்டுரைக்குப் பதவி உயர்வு கொடுத்த குழுவை யாராவது பார்த்திருக்கிறீர்களா?

அதே அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ இப்போது அட்டவணையில் நட்சத்திரமே போடாதீர்கள், திட்டப்பிழையைக் கொடுங்கள் என்று எழுதுவோரிடம் சொல்கிறது. சேதி கேட்டு நம்மவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், முன்பு நட்சத்திரம் பெற்ற எண்களைத் தடித்த எழுத்தில் போட்டார்.

உங்கள் ஊரில் இவர் பேச வந்தால் தவறாமல் போங்கள், சுவாரசியமாகப் பேசுவார். முடிந்ததும் எழுந்து, “எவ்வளவு சார்?” என்று மட்டும் கேளுங்கள். கிராமிலோ ரூபாயிலோ பதில் வரும்வரை உட்காராதீர்கள்.