பரவால்ல பெரியப்பா

ஈப்போவில் எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் அவர் ஒருவர் இருப்பார். கை கழுவும் இடத்தில் பெண்ணின் அப்பா அவரை மடக்கி, "சாப்பாடு எப்படி பெரியப்பா?" என்று கேட்பார். பெரியப்பா பல்குத்தியை நிதானமாக எடுத்துப் போட்டுவிட்டு, "பரவால்ல" என்பார். ஆட்டுக்கறி, நண்டு, பாயசம், அவற்றுக்காக வாங்கிய கடன் எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த ஒரு சொல்தான்.

மருமகன் வாங்கிய புது மைவி காரும் பரவால்ல. பேத்தி எஸ்.பி.எம். தேர்வில் எடுத்த ஒன்பது ஏ-யும் பரவால்ல. பக்கத்து வீட்டு மலாய்க்காரர் நோன்புப் பெருநாளுக்கு ரெண்டாங் கொண்டுவந்து கொடுத்தால் மட்டும் மொழி மாறும்: "போலே லா." அவரும் மகிழ்ந்துதான் போகிறார். பேராக்கில் எல்லா இனத்திலும் இப்படி ஒரு பெரியப்பா உண்டு போலும்.

இதைக் கஞ்சத்தனம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர் அவர். அங்கே குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறது என்று யாராவது வாய்விட்டுச் சொன்னால், அன்று மாலையே பாட்டி மிளகாயும் உப்பும் எடுத்துச் சுற்றிப்போட்டுவிடுவாள். புகழ்ந்தவருக்குத் தனியாக வசவு கிடைக்கும்.

தொழில் விஷயத்தில், தோட்ட வேலையை மேற்பார்க்கும் தண்டல் இதைவிடக் கறார். விடியுமுன், குளிர் இருக்கும்போதே மரம் சீவ வேண்டும்; வெயில் ஏற ஏறப் பால் ஓட்டம் குறைந்துவிடும். கத்தி பட்டையை மட்டும் சீவ வேண்டும். ஒரு மில்லிமீட்டர் ஆழமாக இறங்கினாலும் மரத்தில் காயம் விழும். அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு சரியாகச் சீவ முடியாது. மறுநாள் தண்டல் நிரை நிரையாக மரத்தைப் பார்த்துக்கொண்டு வருவார். காயம் இருந்தால் மூன்று தலைமுறைக்கும் திட்டு. இல்லையென்றால் பேசாமல் அடுத்த மரத்துக்குப் போய்விடுவார். பெரியப்பாவின் அம்மாவுக்கு அந்த ஆள் கடைசிவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. வீட்டில் இன்றும் அதைப் பெருமையாகத்தான் பேசுகிறார்கள்.

அந்தக் கண் மகனுக்கும் வந்துவிட்டது. தோட்டம் போய்ச் செம்பனை வந்து, குடும்பமும் புந்தோங் பக்கம் குடியேறிய பிறகும் அது அவரைவிட்டுப் போகவில்லை. தெருப் பையன் ஒருவன் கேட்டுக்கு வெல்டிங் செய்தான். ஆளாளுக்கு "சூப்பர்டா தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பெரியப்பா குனிந்து, கேட்டின் அடிப்பக்கம் விரலை ஓட்டிப் பார்த்தார். "தெரியாத எடத்துலயும் தேய்ச்சிருக்கான்." பையன் அன்றைக்கு அரைநாள் கூலியை வேண்டாம் என்றுவிட்டான். மருமகளிடம் ஒருநாள், "இன்னைக்கு மீனைக் கடைசியிலதான் போட்டிருக்க" என்றார். அவள் உடனே தைப்பிங்கில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

மேடைப் பேச்சு அவருக்கு ஒத்துக்கொள்வதில்லை. கல்விக் கடல், கொடை வள்ளல், செயல் வீரர் என்று ஒலிபெருக்கி அலறும். போர்த்திய பொன்னாடை மடிப்புக் கலையாமல் அடுத்த வாரம் இன்னொரு வள்ளலின் தோளுக்கு ஏறும். ஓய்வுபெற்ற தோட்டப்பள்ளித் தலைமையாசிரியருக்கு நடந்த விழாவில் பெரியப்பாவையும் பேசச் சொன்னார்கள். "சைக்கிள் சங்கிலி அறுந்த அன்னைக்கும் மணியடிக்க முன்ன நடந்து வந்துட்டாரு" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் பேசும்போது கண்ணயர்ந்திருந்த தலைமையாசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்து, "ரெண்டு தடவை" என்று திருத்தினார்.

துன் சம்பந்தனைப் பற்றிக் கேட்டாலும் இதே கணக்குத்தான். தோட்டங்களைத் துண்டாடி விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, அந்தப் பணத்தில் தோட்டங்களையே வாங்கினார். அவரும் சுங்கை சிப்புட்காரர்தான். மேடையில் அவரை இமயம் என்கிறார்கள். பெரியப்பா சொல்வது: "எங்கம்மா குடுத்த பத்து வெள்ளிக்கு ரசீது வந்துச்சு."

போன பள்ளி விடுமுறையில் பேரப்பிள்ளைகள் அவரை பத்து காஜா பக்கம் கெல்லி கோட்டைக்கு அழைத்துப் போனார்கள். ஸ்காட்லாந்திலிருந்து வந்த தோட்டக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித், மதராஸிலிருந்து தொழிலாளர்களை வரவழைத்துக் கட்டிய மாளிகை அது. வேலை நடந்துகொண்டிருந்தபோது விஷக்காய்ச்சல் பரவிப் பலர் இறந்தார்கள். தொழிலாளர்கள் கேட்டபடி மாரியம்மன் கோயில் கட்டிக் கொடுத்தாராம் துரை. அவர்களும் நன்றிக்கடனாக, கோயில் மேலே சாமி சிலைகளுக்கு நடுவே வெள்ளை உடையும் தொப்பியுமாக ஒரு துரையை நிறுத்திவிட்டார்கள். தமிழன் ஒரு முதலாளிக்குக் கொடுத்த பாராட்டில் இதற்கு மேல் ஏதாவது இருக்கிறதா, தெரியவில்லை.

பெரியப்பா நெற்றியில் கைவைத்து வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். "தொப்பி விளிம்பை நல்லா இழுத்திருக்கான்" என்றார். பாராட்டு துரைக்கு இல்லை, சிமெண்டு பூசிய கொத்தனுக்கு.

"அப்ப கோட்டை எப்படித் தாத்தா?" என்று கேட்டாள் பேத்தி. 1926-ல் ஸ்மித் லிஸ்பனில் இறந்துபோக, வேலை பாதியில் நின்ற கட்டடம் அது. பெரியப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வேலைய முடிக்கலயே."